தயிர் கழுவித் தராத நஞ்சு

கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி நூல் சுற்றித் தரும் பழக்கம், 2019 ஜனவரி 1-இல் தமிழகத்தில் தடை வந்த பிறகும் புதுக்கோட்டை போன்ற ஊர்களில் ஒழியவில்லை. பிவிசி பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் அந்தப் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லை. சூடும் எண்ணெயும் பட்டால் கசியும். எல்லாக் கவரும் பிவிசி அல்ல; ஆனால் மறுசுழற்சிக் கவரில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்கிற கடைக்காரருக்கே தெரியாது. சில லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தாலேட்டுகளைத் தம் செல்சுவரில் ஒட்டிப் பிடிப்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. அதற்காக, அந்த வகை பாக்டீரியா வாழும் தயிரும் நீராகாரமும் இருக்கப் பயமென்ன என்று இருந்துவிட முடியாது. ஒட்டிப் பிடிப்பது வேறு, அழிப்பது வேறு. தேர்ந்தெடுத்த ஒரு பாக்டீரியா வகையின் திறன் வீட்டுத் தயிருக்கும் உண்டு என்பதற்கு உத்தரவாதமில்லை. மனித உடலில் உறுதியான சான்றும் போதாது. 2011-இல் தைவானை உலுக்கிய டிஇஹெச்பி என்னும் தாலேட்டுக் கலப்படம் முதலில் பிடிபட்டதே ஒரு புரோபயாட்டிக் பொடியில்தான்!

அப்படியானால் ஆராய்ச்சியே வீணா? இல்லை. மண்ணிலும் நீரிலும் ஏற்கெனவே கலந்துவிட்டதை நம் சமையலறையில் தடுக்க முடியாது. அங்கே பாக்டீரியா கைகொடுக்கலாம். ஆனால் தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் மருந்து தேடுவது வீண்வேலை. மாற்றுப் பொட்டலம் கட்டுப்படியாகாது என்னும் சிறு ஓட்டல்காரரின் வாதம் நியாயமானதே. ஆகவே பாத்திரம் கொண்டுவருவோருக்கு விலையில் சலுகை தர ஓட்டல்காரர்களை மாநகராட்சி ஊக்குவிக்கட்டும். வாசகர்களே, நீங்களும் பார்சல் வாங்கப் போகும்போது தூக்குவாளியை எடுத்துச் செல்லுங்கள்.