டிரைவர் இல்லாத காரும் ரோட்டுல காயுற மக்காச்சோளமும்

டிரைவர் இல்லாத கார் நம்ம ஊருக்கு எப்ப வரும்னு பட்டணத்து நண்பர்கள் கேட்கிறார்கள். ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும், அதனால் விடமாட்டேன் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017லேயே சொன்னார். 2023லும் அதையேதான் சொன்னார். சரி, நாளைக்கே அனுமதி கொடுத்துட்டாங்கன்னு வச்சுக்குவோம். ரோட்டுக்காரங்க தயாரா?

தை, மாசியில் பெரம்பலூர் பக்கம் வந்து பாருங்க. பாதி ரோடு மக்காச்சோளம்தான், ஓரமா வரிசையா கல்லு. ஈரம் இருந்தா வியாபாரி விலையைக் குறைப்பார், எல்லா ஊர்லயும் களம் கிடையாது, வேற எங்க காய வைக்கிறது? நம்ம டவுன் பஸ் டிரைவர் எதிர்ல யாரும் வரலைன்னு பார்த்து, ஒரு ஹாரன் அடிச்சு, வலதுபக்கமா ஒதுங்கிப் போயிடுவார். தானா ஓடுற கார் அந்த இடத்தில் என்ன செய்யும்? கோடு தாண்டக் கூடாதுன்னு நின்னுடும்னுதான் எனக்குத் தோணுது.

கோடு இருந்தால்தானே! அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுற ரோட்டுல புழுதிக்கு அடியில வெள்ளைக்கோட்டைத் தேடணும்.

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் பகுதியில் 2020 அக்டோபரிலிருந்து ஆளில்லா டாக்சியில் பொதுமக்கள் போகிறார்கள். ரோட்டை முன்னாடியே நுணுக்கமாக அளந்து, வரைபடம் போட்டு வைத்துக்கொண்டு ஓடுகிற வண்டி அது. இங்க அப்படி அளக்கணும்னா யாரைக் கேட்கிறது? நால்வழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, அதிலிருந்து பிரியுற ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, ஊருக்குள்ள போறது ஒன்றியத்துடையது. ஒருத்தர் தோண்டுற பள்ளம் இன்னொருத்தருக்குத் தெரியாது. ராத்திரியோட ராத்திரியா முளைக்கிற வேகத்தடைக்குக் கணக்கே இல்லை.

வண்டியும் ரோடும் பேசிக்காமலும் இல்லை. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். திருமாந்துறை சுங்கச்சாவடியில் வண்டி வர்றதுக்குள்ள காசு போயிடுது. காசு வாங்கத் தெரிஞ்ச ரோட்டுக்கு, முன்னாடி பள்ளம் இருக்குன்னு சொல்லத் தெரியலை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் காருக்காக இல்லாட்டியும் இதையெல்லாம் செய்யலாம். பள்ளம், வேகத்தடை எல்லாத்துக்கும் மூணு பேரும் சேர்ந்து ஒரே பதிவேடு வைக்கட்டும். கோட்டை வருஷா வருஷம் அடிக்கட்டும். ஊருக்கு ஒரு உலர்களம் கட்டித் தரட்டும். மக்காச்சோளத்துக்குக் காவலா வச்ச கல்லுல ராத்திரி பைக்கில் வர்றவங்க இப்பவே விழுந்து அடிபடுறாங்க. அடுத்த அறுவடை தையில.