பூட்டிய எஞ்சின் நமக்கெதற்கு?

நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாக்கிக் கணினியில் ஏற்றுவது நல்ல காரியம். நாமக்கல்லில் இல்லாத புத்தகம் ராசிபுரத்தில் உண்டா, திருச்செங்கோட்டில் உண்டா என்று தொழிலாளி இருந்த இடத்திலேயே அறியலாம். எந்த மென்பொருள் என்பதிலேதான் நமக்கு வழக்கு.

லாரிக்குப் பாடி கட்டும் ஊர் இது. "எஞ்சினைக் கம்பெனி ஆள் தவிர எவரும் திறக்கக்கூடாது, ஆண்டுதோறும் கப்பம் கட்டு" என்றால், எந்தப் பட்டறைத் தோழர் அந்த வண்டியை வாங்குவார்? மூடிய மென்பொருளின் சங்கதி இதுதான்.

நியூசிலாந்தில் ஹொரொவெனுவா என்னும் சிறு வட்டாரம். 2000 பிறந்தால் பழைய மென்பொருள் தேதியில் தடுமாறும் என்ற நிலை. 1999-இல் அங்குள்ள நூலகத்தார் புதிதாக ஒன்றை எழுதச் செய்தனர். அதன் மூல நிரலை உலகுக்கே திறந்தும் விட்டனர். பெயர் கோஹா. மாவோரி மொழியில் கொடை என்று பொருள். அதில் தமிழிலும் தேடலாம்.

செலவே இல்லை என்று நாம் ஏய்க்க மாட்டோம். சர்வர் வேண்டும், பயிற்சி வேண்டும், பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். அந்தக் கூலி நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டுமே! 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரியல்லவா அது?

டெண்டர் விடுவோர் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: மூல நிரலும் முழுப் பட்டியலும் கேட்ட நாளில் நூலகத்தின் கைக்கு வரவேண்டும்.