பரணி செய்த குற்றம் என்ன?

வீட்டில் ஒயின் இடுவது எப்படி என்று வார இதழில் எழுதலாம், அச்சிடலாம், காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாம். படித்தபடியே அடுக்களையில் செய்து பார்த்தால் மட்டும் குற்றம்! பத்து ஆண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டம் என்று கேரளத்தின் அப்காரிச் சட்டம் அச்சுறுத்துகிறது. இச்சட்டம் இன்று நேற்று எழுந்ததன்று. கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-ஆம் ஆண்டளவில் பிறந்தது. திருத்தங்கள் பல கண்ட பின்னரும், அடுக்களைப் பரணிக்கும் கள்ளச்சாராய அடுப்புக்கும் இடையே அது வேற்றுமை காணவில்லை.

பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, அமரவிளை வழியாகப் பாறசாலை வரை உள்ள ஊர்களில் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நடப்பதை அறியாதார் யார்? இரண்டு கிலோ கறுப்புத் திராட்சை, ஏறத்தாழ அதே எடைக்குச் சர்க்கரை, காய்ச்சி ஆறிய தண்ணீர், ஒரு கரண்டி ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் பட்டையும் கிராம்பும். ஊறுகாய்ப் பரணியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரம் சென்றபின் வடிகட்டுவர். பண்டிகையன்று கேக்குடன் சிறு குவளையில் ஒரு வாய். அவ்வளவே. இதைச் செய்யும் பாட்டியைப் பிடித்துக்கொண்டு போய் வாற்றுக்காரனோடு ஒரே கூண்டில் நிறுத்தலாம் என்பதே சட்டத்தின் பொருள்.

அப்படி யார் நிறுத்தப் போகிறார்கள், ஏட்டில் கிடக்கும் சட்டம்தானே என்று நாம் இருந்துவிடவும் முடியாது. 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை, வீட்டு ஒயின் குற்றமே என்று வெளிப்படையாக எச்சரித்தது. சமூக வலைத்தளங்களில் பரவும் செய்முறைக் காட்சிகள்மேலும் கண் வைத்தது. 2022-இல், பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. நல்லதே! வாழைப்பழமும் கொல்லாம்பழமும் வீணாகாமல் உழவனுக்கு நாலு காசு கிடைக்கட்டும். ஆனால் ஆலைக்குத் திறந்த கதவு அடுக்களைக்குத் திறக்கவில்லை.

வெளியுலகில் என்ன நடக்கிறது? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த புரூடாக் என்னும் பீர் நிறுவனம், அதுவரை தான் செய்த 215 பீர்களின் செய்முறைகளையும் 2016-இல் ஒரே தொகுப்பாக்கி, எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. முளைகட்டி உலர்த்திய பார்லி இத்தனை கிலோ, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ இத்தனை கிராம், இன்ன சூட்டில் இத்தனை நிமிடம், இன்ன ஈஸ்ட் என்று யாவும் 20 லிட்டர் வீட்டுப் பானைக்கு ஏற்பக் கணக்கிட்டுத் தரப்பட்டிருந்தன. இது புதுமையும் அன்று. கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் எமில் ஹான்சன் என்னும் அறிஞர் 1883-இல் கலப்பற்ற ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தபோது, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் பிற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். தொழில் இரகசியத்தைத் தெருவில் போடுபவன் பிழைப்பானா என்று நம் கடைவீதிக்காரர் கேட்பர். செய்முறை கைக்கு வந்தவுடன் அதே சுவை எல்லார் பானையிலும் வந்துவிடுமா? தண்ணீர் வேறு, பாத்திரம் வேறு, கைப்பழக்கம் வேறு. நம் அம்மாவின் மீன்குழம்புக்கு இரகசியம் ஏதுமில்லை. அடுத்த வீட்டில் அது வருவதுமில்லை.

ஆலை கொடுக்க முன்வந்தால் மட்டும் போதாது. வாங்கிக்கொள்ள அச்சமற்ற அடுக்களை ஒன்று வேண்டும். பிரிட்டனில் வீட்டில் பீர் செய்ய உரிமம் வேண்டும் என்ற விதி 1963-இல் ஒழிந்தது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், அதாவது ஏறத்தாழ 380 லிட்டர் பீர் தம் வீட்டில் செய்துகொள்ள வழிவிட்டது. விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கவும் கூடாது.  புளிக்க வைப்பது ஒன்று, காய்ச்சி வடிப்பது மற்றொன்று என்ற எளிய பாகுபாட்டை அவர்கள் சட்டத்தில் எழுதினார்கள். நாம் அதைத்தான் எழுத மறுக்கிறோம்.

நம் பக்கத்துப் பனையைப் பாருங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி. தடவாவிட்டால் அதே நீர் கள். நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு! 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் அந்தச் சுண்ணாம்போடு ஒரு மாநில எல்லையும் சேர்ந்துகொண்டது. களியக்காவிளைக்கு அப்பால் 1987 முதல் கள் இறக்கத் தடை. இப்பால், உரிமம் பெற்ற கடையில் கள் விற்கலாம். அங்கே பனை மாநில மரம் என்று போற்றப்படுகிறது. 2003 முதல் மதுக்கடையை அரசே நடத்துகிறது. பனையேறிக்கு மட்டும் கலயத்தைக் காட்ட அச்சம்.

இதில் பெரிய இழப்பு குடி அன்று, அறிவு. எந்தப் பாளையை எப்போது சீவுவது, எத்தனை நாள் நசுக்குவது, எந்த மாதத்து நீர் எத்தனை நாழிகையில் புளிக்கும் என்பதெல்லாம் பனையேறிகளின் கையில் இருக்கிறது. ஏட்டில் மிகக் குறைவு. பிள்ளைகள் பாளை அரிவாளை எடுப்பதில்லை. அவர்களைக் குறை கூறவும் வழியில்லை. பார்லிக்கு 215 செய்முறை அச்சேறியிருக்கிறது. நம் கலயத்துக்கு?

இனி மறுப்புக்கு வருவோம். நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888-இல் சிவனை நிறுவிய நாராயண குரு, மதுவை நஞ்சென்று வெறுத்தவர். கள் இறக்கும் தொழிலையே கைவிடுமாறு தம் மக்களுக்கு அறிவுறுத்தியவர். அம்மண்ணில் நின்றுகொண்டு இப்படிப் பேசலாமா என்று கேட்கும் நண்பர்களை நான் மதிக்கிறேன். குருவின் சொல்லை முழுமையாக ஏற்று எல்லாக் கடைகளையும் மூடுவோம் என்று அரசு முன்வந்தால், பாட்டியின் பரணியை உடைக்க நானே கல் எடுத்துத் தருவேன். ஆனால் 1984 முதல் தனிக் கழகம் அமைத்து மதுவை விற்றுவரும் அரசுக்கு, விற்காத பரணியைத் தண்டிக்க எந்த அறத்தில் இடமிருக்கிறது?

உயிர்ப்பலி பற்றிய மறுப்பு இதனினும் கனமானது. 1982 ஓணத்தன்று வைப்பினில் 77 பேர் மாண்டனர். 2000-இல் கல்லுவாதுக்கலில் 30-க்கு மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோர். இப்பெயர்களைக் கேட்டபின் எவரும் விளையாட்டாகப் பேச முடியாது. ஆயினும் அவர்களைக் கொன்றது எது? தொழிற்சாலைகளுக்குரிய மெத்தனால். பரணியில் திராட்சை புளிக்கும்போது பிறக்கும் மெத்தனால் மிகச் சிறிதே. அது ஆளைக் கொல்வதில்லை. சாவு வந்தது விற்பனைக்காகக் கலந்தவன் கையிலிருந்து. வைப்பினில் விற்றது உரிமம் பெற்ற சாராயக்கடையே என்பதையும் மறந்துவிடலாகாது. தான் செய்ததைத் தன் பிள்ளைகளுக்கே ஊற்றுகிறவள் அதில் எதைக் கலப்பாள்?

வீட்டுப் பரணியிலும் கேடு இல்லாமல் இல்லை. கழுவாத பாத்திரம், மூடியை இறுக்கியதால் வெடிக்கும் கண்ணாடிப் புட்டி, அளவறியாமல் குடிக்கும் தகப்பன். கடைசியானதற்கு எந்தச் செய்முறையிலும் மருந்து இல்லை. அதை நான் மறைக்கவில்லை. முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு. அளவும் சூடும் நாளும் தெளிவாக எழுதி எல்லார் கையிலும் கொடுப்பதே அது. ஒளித்துச் செய்பவள் யாரிடம் போய் ஐயம் கேட்பாள்?

ஆகவே கேட்பது பெரிதொன்றும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 20 லிட்டர் போதும். அமெரிக்கக் கணக்கு நமக்கு வேண்டாம். விற்பனை கூடாது. காய்ச்சி வடித்தால் இப்போதுள்ள தண்டனையே நிற்கட்டும். அப்காரிச் சட்டத்தில் இதற்கு ஒரு பத்தி போதும்.

சட்டசபை அதை எழுதும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மன்றத்து மாணவர்கள், பனையேறிய பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் சொல்வதை அளவோடு எழுதிக்கொண்டு வாருங்கள். அக்கானியைப் பற்றி எழுதுவதில் வம்பு ஏதும் இல்லை. சுண்ணாம்பு எவ்வளவு என்பதை மட்டும் விடாமல் கேட்டு எழுதுங்கள்.