சுபேதாருக்கு ஒரு பட்டறை

2024 தீபாவளிக்கு ‘அமரன்’ படம் வந்ததிலிருந்து மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியாத பிள்ளை கோவையில் இல்லை. நல்லதுதான். சுபேதார் சுப்பிரமணியன் யாருங்க என்று கேட்டால் பெரியவர்களே முழிக்கிறார்கள். மேஜருக்குப் படம் எடுக்கிறோம். சுபேதாருக்கு அரசிதழில் நாலு வரியோடு சரி.

காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். பெங்களூரில் தலைமையகம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் அடிமட்டத்தில் சேர்ந்து சுபேதார் ஆனவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, இவைதான் அந்தப் படையின் பிழைப்பு. ராணுவத்தில் அவர்களை ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் துப்பாக்கி தொங்கினாலும் கைக்குப் பழகியது மண்வெட்டி.

1944, இத்தாலியின் மிஞ்ஞானோ. கண்ணிவெடி புதைத்த நிலத்தில் சென்ற குழுவில் ஒருவர் கால் வெடியில் பட்டுவிட்டது. ஜெர்மானியரின் அந்த வகை வெடி மிதித்ததும் வெடிக்காது. நாலைந்து நொடி கழித்து இடுப்புயரம் துள்ளி எழுந்து, நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளைச் சுற்றிலும் வாரியடிக்கும். அந்த நாலு நொடி எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பது சுப்பிரமணியனுக்குத் தெரியும். வெடியின் மேல் விழுந்து படுத்தார். உடன் வந்தவர்களைத் தன் உடம்பால் மறைத்தார். அவர் இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது. எதிரியோடு நேருக்கு நேர் மோதாத வீரச்செயலுக்கு 1940இல் ஏற்படுத்தப்பட்ட பதக்கம் அது. விக்டோரியா கிராசுக்குச் சமம்.

உயிர்த்தியாகம் என்று சொல்லிக் கைகூப்பி நகர்ந்துவிடுவது எளிது. எனக்கென்னவோ அந்தத் துணிச்சலில் பாதி தொழிலறிவு என்று படுகிறது. வெடியின் குணம் தெரியாதவர் திகைத்து நின்றிருப்பார், இல்லை ஓடியிருப்பார். மிஷின் சத்தம் மாறினாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும் பட்டறைக்காரர்கள் நிறைந்த ஊருக்கு இது புரியாதா? போதாக்குறைக்கு, அதே போர்க்காலத்தில் கோவையிலும் ‘கருடா’ என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையம் இயங்கியது. 1942இல் தொடங்கி 1946 வரை நடந்தது. போர் என்றால் பீரங்கி மட்டுமல்ல, ஸ்பேனரும்தான் என்று அன்றே பார்த்த ஊர் இது.

மணிமண்டபம் வேண்டாம், சிலை வேண்டாம். கோவை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏதாவது ஒரு பட்டறைக்குச் சுபேதார் சுப்பிரமணியன் பெயரை வையுங்கள். அவர் செய்த வேலை என்ன என்பதையும் அதே பலகையில் எழுதிவிடுங்கள்.