பல்லைப் பிடித்துப் பார்த்தீர்களா?

புளியம்பட்டி சந்தைக்கு மாடு வாங்கப் போனால் நம்மாள் என்ன செய்வார்? பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்கிறவர் 'தங்கமான மாடுங்க' என்று கற்பூரம் அடித்தாலும் நம்பமாட்டார். அதே மனிதர், நாட்டின் இரண்டாவது பெரிய பதவிக்கு ஒருவர் நின்றபோது எதைப் பார்த்தார் தெரியுமா? சொந்த ஊரைப் பார்த்தார்!

2025 ஆகஸ்ட்டில் திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணனைத் துணை ஜனாதிபதி வேட்பாளர் என்று அறிவித்தார்கள். கோவையில் 1998, 1999 என இரண்டு முறை ஜெயித்தவர். நமக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையிலும் பனியன் கம்பெனி வாசலிலும் கேட்டதெல்லாம் ஒரே சர்டிபிகேட்: ''தன்மையான மனுசனுங்க. யாரையும் எடுத்தெறிஞ்சு பேசமாட்டாருங்க.''

இருக்கட்டுமே, நான் மறுக்கவில்லை. ஆனால், தன்மையான பேச்சை வைத்து ஆளை எடைபோடலாமா? அதுவும் நாம்? கைமாற்று கேட்டு வந்தவருக்கு 'இல்லை' என்பதைக்கூட 'பாக்கலாமுங்க' என்று வெல்லம் தடவிச் சொல்லும் ஊருங்க இது!

அந்தப் பதவியின் அன்றாட வேலை என்ன? மாநிலங்களவையை நடத்துவது. 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் அந்த அவையில் மட்டும் 46 பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். மறு வருடம் அவைத்தலைவர் தன்கர் மீதே எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லா நோட்டீஸ் கொடுத்தன. 2025 ஜூலையில் அவர் திடுதிப்பென்று ராஜினாமா செய்தார். ஆக, கேள்வி தயாராகவே இருந்தது: 'நாளைக்கு எதிர்க்கட்சி எழுந்து நின்றால், உங்களை வேட்பாளராக்கிய கட்சிக்குச் சங்கடம் என்று தெரிந்தும் பேச விடுவீர்களா?' இதற்கு அவர் என்ன சொல்வார் என்று எத்தனை பேர் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டோம்? அவர் எந்த ஊர், எந்த சாதி என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி.

ஒரே ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. 1979 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு டி.வி. பேட்டி. எட்வர்ட் கென்னடியிடம் ரோஜர் மட் என்ற நிருபர் சாதாரணமாகக் கேட்டார்: 'ஏன் ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிறீர்கள்?' மேடை ஏறினால் கூட்டத்தைக் கட்டிப்போடும் மனிதர். அண்ணன் ஜனாதிபதியாக இருந்தவர். இன்னொரு அண்ணன் அந்தப் பதவிக்கான களத்தில் சுடப்பட்டு இறந்தவர். அப்பேர்ப்பட்டவர் திணறினார், சுற்றினார், நாடு பெரியது, வளம் மிக்கது என்று எங்கெங்கோ போனார். அடுத்த வருடம் கட்சி வேட்பாளர் தேர்விலேயே கார்ட்டரிடம் தோற்றார். பேச வராமல் திணறவில்லை ஐயா அவர். அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டதில்லை. (பிறகு சாகும்வரை செனட்டில் இருந்து பெயர் வாங்கினார் என்பது வேறு விஷயம்.)

நான் பி.காம். படித்தவன். ஐந்தொகையில் லாபத்தைப் பார்க்கும் முன், கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படி என்பார்கள். பேட்டியில் அந்தப் பொடி எழுத்து, பிடிக்காத கேள்வி வரும் இடம்தான். எதிரணி வேட்பாளர் சுதர்சன் ரெட்டிக்கு அது வந்தது. 2011-ல் அவர் எழுதிய சல்வா ஜுடும் தீர்ப்பு நக்சல்களுக்கு உதவியது என்று அமித் ஷா தாக்கினார். 'எழுதியது நான், தீர்ப்பு உச்ச நீதிமன்றத்துடையது; அதைப் படித்துவிட்டுப் பேசட்டும்' என்கிற பொருளில் பதில் சொன்னார் ரெட்டி. தீர்ப்பை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆள் ஓடவில்லை, கத்தவில்லை என்பது தெரிந்தது அல்லவா? நான் கேட்பது அவ்வளவுதான்.

செப்டம்பர் 9-ம் தேதி 452-க்கு 300 என்று ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். நாமும் லட்டு சாப்பிட்டோம்.

''ஓட்டுப் போட்டது எம்.பி-க்கள், நமக்கென்னங்க?'' என்பீர்கள். அந்த எம்.பி-யை அனுப்பியது யார்? ஜனாதிபதி தேர்தல் என்றால் உங்கள் எம்.எல்.ஏ-வுக்கும் ஓட்டு உண்டு. ரகசிய வாக்கெடுப்பு. கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. அடுத்த முறை அவர் காதுகுத்து, கல்யாணம் என்று வந்து உட்காரும்போது, இலை போடுவதற்கு முன்னால் கேளுங்கள்: ''யாருக்குங்க போடப் போறீங்க? அவருகிட்ட என்ன கேட்டீங்க?''