ஒரே ஆட்டத்தில் முடிந்துவிடும் பருவம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளின் கால்பந்து அணிகளைப் பற்றி ஆண்டுதோறும் ஒரே தீர்ப்புதான் வழங்கப்படுகிறது: ‘நம் பக்கத்துப் பையன்களுக்குக் கால்பந்து வராது.’ முதல் சுற்றில் தோற்றுத் திரும்பும் அணியைச் சான்றாகக் காட்டி இவ்வாறு சொல்பவர்களில் கல்லூரி ஆசிரியர்களும் உண்டு. அதனாலேயே இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. ஆடக் கிடைக்காத பிள்ளைகளை ஆடத் தெரியாதவர்கள் என்று சொல்வது நியாயமாகாது.

ஒரு கல்லூரி அணியின் ஆண்டு எவ்வாறு கழிகிறது? சேர்க்கை முடிந்ததும் வீரர் தேர்வு. வகுப்பு முடிந்த மாலைகளில் சில வாரப் பயிற்சி. அதுவும் ஊருக்குப் போகும் பேருந்து நேரத்தைக் கணக்கிட்டு. பிறகு கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. அது பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் நடப்பது. தோற்ற அணி அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்த ஆட்டம் அடுத்த கல்வியாண்டில். முதல் சுற்றைத் தாண்டாத அணியின் மாணவன் இளங்கலைப் பட்டம் பெறும்போது, அப்போட்டியில் தன் கல்லூரிக்காக அவன் ஆடியவை மூன்றே ஆட்டங்கள். மூன்று ஆட்டங்களில் எந்த கோல்கீப்பர் உருவாக முடியும்? கல்லூரியில் பருவம் என்றால் செமஸ்டர் என்றே பொருள். ஆட்டத்துக்கும் ஒரு பருவம் உண்டென்ற நினைப்பே அங்கு இல்லை.

கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். 16 அணிகள் கலந்துகொள்ளும் நாக்-அவுட் போட்டியில் மொத்தம் 15 ஆட்டங்கள். 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியேறும். இறுதிவரை செல்லும் 2 அணிகள் மட்டுமே 4 ஆட்டங்கள் ஆடும். அதே 15 ஆட்டங்களை 6 கல்லூரிகளுக்கான லீக்காக நடத்தினால் ஒவ்வோர் அணிக்கும் 5 ஆட்டங்கள் கிடைக்கும். இப்போதைய முறை வலியவனுக்கு மேலும் ஆட்டம் கொடுத்து, ஆட்டம் அதிகம் தேவைப்படுகிற மெலியவனை வீட்டுக்கு அனுப்புகிறது. பெருநகரக் கிளப்புகளில் ஆடிப் பழகிய மாணவனுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. சின்ன வெங்காயம் விளையும் செட்டிகுளம் பக்கத்திலிருந்தோ, சிமெண்ட் ஆலைகளைச் சுற்றியுள்ள அரியலூர்க் கிராமங்களிலிருந்தோ வருபவனுக்குக் கல்லூரிப் போட்டியை விட்டால் வேறு போக்கில்லை.

செலவு, வருகைப்பதிவு என்று இரண்டு தடைகள் சொல்லப்படும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். காலையில் போய் ஆடிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம், தங்கும் செலவில்லை. ஐந்து சனிக்கிழமைகள் ஒதுக்கினால் போதும். வருகைப்பதிவுக்கும் பெரிய பங்கம் வராது. மாணவர்களிடம் வசூலிக்கும் விளையாட்டுக் கட்டணத்துக்கு இதைவிடப் பொருத்தமான செலவு எது? முதலமைச்சர் கோப்பை இருக்கிறதே என்பார்கள். அதில் கல்லூரி மாணவர்க்கும் பிரிவு உண்டு, வரவேற்போம். ஆனால் அது வென்றவரை மேலே கொண்டுசெல்லும் ஏற்பாடு. தோற்றவருக்கு அடுத்த வாரமும் ஆட்டம் தருவது அதன் வேலையன்று.

திறமை இம்மண்ணில் இல்லை என்பதும் பொய். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக அறிமுகமாகி, பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். அவர் ஹாக்கியில் தேர்ந்தது அரியலூரில் அன்று, தொலைவிலுள்ள கோவில்பட்டியில். ஏனெனில் ஆட்டம் அங்கே இடைவிடாது நடக்கிறது. கால்பந்திலும் இதுவே பாடம். தமிழகப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரையும் 2023இல் அரியானாவையும் இறுதியாட்டத்தில் வென்று தேசியப் பட்டம் பெற்றது. அந்தத் தலைமுறையின் முன்னணி ஆட்டக்காரரான இந்துமதி கதிரேசன் வந்தது கடலூரிலிருந்து, அதுவும் பெருநகரமன்று. இந்திய மகளிர் லீக்கின் தொடக்க ஆண்டுகளில் அணிகள் ஓரிடத்தில் கூடிச் சில வாரங்களில் ஆடி முடித்தன. 2023–24இல்தான் 7 அணிகள் தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக ஆளுக்கு 12 ஆட்டங்கள் ஆடும் முறை வந்தது. தேசிய அளவில் உணரப்பட்ட தேவை மாவட்டக் கல்லூரிக்கு மட்டும் இல்லாமற் போகுமா?

இதை இலக்கிய வாசகர்களிடம் சொல்லக் காரணமுண்டு. சிலப்பதிகாரத்தின் கந்துகவரியையும், பெருங்கதையில் மானனீகையின் பந்தடியையும், குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் பந்தாட்டத்தையும் தமிழாசிரியர்களாகிய நாம் வகுப்பில் நயம்பட விளக்குகிறோம். அது கையால் அடிக்கும் பந்து, வேறு ஆட்டம்தான். எனினும் மூன்றிலும் ஆடுபவர்கள் பெண்கள். அந்த நயத்தைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் மாணவி மாலையில் பந்தைத் தொட என்ன வழி? மாணவர்க்கு ஓர் ஆட்டமாவது உண்டு. மாணவியர்க்குப் பல கல்லூரிகளில் அணியே இல்லை. ஏட்டில் பந்தாடும் பெண்ணைப் போற்றிவிட்டு, எதிரில் அமர்ந்திருப்பவளைப் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்புவது எந்த வகைத் தமிழ்ப்பணி?

இரு மாவட்டக் கல்லூரி முதல்வர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் கூடிப் பேசினால் வரும் கல்வியாண்டிலேயே மாணவர்க்கு ஒன்று, மாணவியர்க்கு ஒன்று என ஆறு அணி லீக்குகளைத் தொடங்கலாம். பெரிய அரங்கம் வேண்டாம். சுண்ணாம்புக் கோடும், இரு பக்கமும் வலை கட்டிய கம்பங்களும், நடுவர்களும் போதும். மூன்றாண்டுகள் அப்படி ஆடவிட்ட பிறகும் நம் பிள்ளைகளுக்குக் கால்பந்து வரவில்லையென்றால் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொள்வோம். அதுவரை அதைச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே நம் துணிபு.