இரும்புத் தூளுக்கா பஞ்சம்?

இராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களின் நடுவில் ஒரு குரோமேட் ஆலை மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை அது விட்டுச்சென்றது. மழைதோறும் அதிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. அது புற்றுநோய் தரும் நஞ்சு.

இதற்கு மாற்று உண்டு. இரும்புத் தூளின் ஊடாக அந்த நீர் செல்லும்போது, இரும்பு துருப்பிடித்தபடியே குரோமியத்தை நஞ்சு குறைந்த, நீரில் எளிதில் கரையாத வடிவமாக்கி மண்ணிலேயே படியவைக்கிறது. அமெரிக்காவில் எலிசபெத் சிட்டி கடலோரக் காவல்படைத் தளத்தில் 1996இல் இப்படி 46 மீட்டர் நீள இரும்புத் துகள் சுவரை மண்ணுக்குள் அமைத்தார்கள். அதே காலத்தில்தான் இங்கே ஆலையைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

குரோமிய உப்பு தேவைப்பட்டது தோல் பதனிடுவதற்கு. அந்தத் தொழிலில் உடலை வருத்தியவர்களில் தலித் மக்கள் ஏராளம். தோல் ஏற்றுமதியானது, நஞ்சு மட்டும் நம் மண்ணில் தங்கியது. வசதியுள்ளவர் கேன் தண்ணீர் வாங்குவார். தினக்கூலி என்ன செய்வார்? 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நிலைநாட்டியது தண்ணீர் எடுக்கும் உரிமையை. நஞ்சில்லாத தண்ணீரும் அந்த உரிமைக்குள் அடங்கும்.

கழிவுக் குவியலை அகற்றாமல் சுவர் மட்டும் எழுப்பினால் இரும்புதான் வீணாகும். ஆகவே நாங்கள் கேட்பது: முதலில் குவியலை முழுமையாக அகற்றுங்கள். பிறகு நீரைச் சுத்திகரியுங்கள். அதுவரை சேரிக்கும் ஊருக்கும் ஒரே குழாயில் நல்ல தண்ணீர் கொடுங்கள். கிணறுவாரியான பரிசோதனை முடிவுகளைத் தமிழில் கிராம சபையில் வையுங்கள். செலவை மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள்.